உதை பட்ட இடம்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

உன் வாயாடித் தங்கை ஒரு வெட்கக்கேட்டோடு ஆரம்பிக்கிறேன். இதற்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. அதைச் சீருடைப் பையில் வைத்து, மறந்து, சீருடையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அடுத்தவர் பையிலிருந்து பேனா, சாவி, பல்செட்டு என்று தினமும் எடுத்துக் கொடுக்கிறவள், தன் பையைத் தடவிப் பார்க்கவில்லை. மை கரைந்து நாற்பது டாக்டர் கோட்டும் இளநீலம். "அப்படி என்னத்தடி எழுதின, நாப்பது பேருக்கு ஒட்டுற அளவுக்கு?" என்று கேட்டாள் என்னோடு விரிப்பு மடிக்கிற ஜோடிக்காரி.

மற்றபடி நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி? படி ஏறும்போது இன்னும் பழைய கதவு மாதிரிக் கிறீச்சிடுகிறதா?

கூழாய்ப் போன கடிதத்தில் இருந்தது இதுதான். நான் இங்கே கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆள் இருந்தபோது, அண்ணியின் சாமி புத்தகத்தை எடுத்து, அண்ணி படிக்கிற மாதிரியே படித்துக் காட்டினேன். விரலை வரியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, தப்பு வந்ததும் "மன்னிச்சுக்கோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி வரியின் தலையிலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். சின்ன மாமா தரையில் உருண்டார். அண்ணி அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார்கள். நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நாலு பேர் சிரிக்கும்போது வாயை மூடுவது எப்படி என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மறுநாள் நான் பெட்டி கட்டும்போது சாயங்காலம் ஆகியும் அண்ணி புத்தகத்தைத் தொடவில்லை. அது எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. போனில் சொல்லலாம், ஆனால் போனில் என் வாய் என் பேச்சைக் கேட்காது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து அண்ணி குரலில் முடித்துவிடுவேன்.

நீ மன்னித்துவிடு. அண்ணியிடமும் சொல்லிவிடு. இப்போது படிக்கிறார்களா என்று மட்டும் எழுது.

சலவையில் போகாமல் இது வந்து சேரட்டும்.
தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. சோப்பு வாசனை அடித்தது. என் முழங்கால் உன் நாக்கு மாதிரிதான், ஓய்வு என்பதே இல்லை. கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. நேற்று ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை ஒப்பித்தார். "உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்" என்று அனுப்பிவைத்தேன். போகும்போது கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்தார். காத்திருந்த நேரத்தில் பலகையை மனப்பாடம் செய்திருக்கிறார்.

நீ எழுதியதற்காக ஒரு நிமிடம்கூட வருத்தப்படாதே. உன் அண்ணி படிக்கும் புராணத்திலேயே வருகிறது. எந்தச் சாமிக்குப் பொறுமை அதிகம் என்று சோதிக்க ஒரு கோபக்கார முனிவர் கிளம்புகிறார். பெருமாள் படுத்திருக்கிறார், வந்தவரைக் கவனிக்கவில்லை. முனிவர் ஓங்கி நெஞ்சில் ஒரு உதை விட்டார். பெருமாள் கோபப்பட்டாரா? எழுந்து, உதைத்த காலையே மடியில் எடுத்து வைத்து, "என் நெஞ்சு கல்லு மாதிரி, உங்க பாதம் நொந்திருக்குமே" என்று பிடித்துவிட்டார். அவரே அப்படி என்றால் கண்ணாடிக் கடைக்காரன் நான் எம்மாத்திரம்? மன்னித்தாகிவிட்டது. கால் வலிக்கிறதா, சொல்.

அண்ணி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதோடு இப்போது வாசல் கதவும் அவள் பொறுப்பு.

ஈரத்திலேயே நிற்காதே. உடம்பைக் கவனி.
அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். கால் வலிக்கவில்லை. நீ பிடித்துவிட வர வேண்டாம், உன் முழங்காலை முதலில் பிடித்துவிடு.

இங்கே என் வேலை உனக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரிக்கு அடித்தளத்தில் எங்கள் கூடம். சன்னல் கிடையாது. கூரை முழுக்க நீராவிக் குழாய். உருளை இஸ்திரியிலிருந்து விரிப்பு சுடச்சுட வரும். நானும் ஜோடிக்காரியும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, கிட்ட வந்து, முனையைக் கொடுத்து, விலகி, நாளுக்கு அறுநூறு விரிப்பு. கட்டின புருசன்கூட என்னை இத்தனை தடவை கிட்ட வந்து பார்த்ததில்லை.

அவளிடம் உன் கதையைச் சொன்னேன். நாலு விரிப்பு மடித்தாள். அப்புறம், "சரி, உதைச்சவரும் உதைபட்டவரும் ராசியாயிட்டாங்க. அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, சுபம்."

"இவ்வளவு லேசா முடியறதுக்கு எதுக்குப் புராணம்? எங்க தெருக் குழாயடியிலேயே இதைவிடப் பெருசா நடக்கும்."

அப்புறம் என்னதான் வருகிறது? உனக்குத் தெரிந்தால் எழுது.

இன்னொன்று. அண்ணி படிக்கிறார்களா என்று கேட்டிருந்தேன். முனிவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத மறந்திருப்பாய்.

நீயும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.
தங்கை


மே 2

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் ஆள் இல்லை. முழங்கால் பரவாயில்லை.

படிக்கிறாளா என்று கேட்டாய். படிக்கிறாள்.

கதையில் அப்புறம் என்ன என்று கேட்டாய். எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த இடம் வரும்போது பெரும்பாலும் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்பேன்.

வெயில் அதிகம். மோட்டார் ஓடும் இடத்தில் கவனமாக இரு.
அண்ணன்


மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். எடை மட்டும் ஏறுகிறது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றேன், "ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்றாள் நர்ஸ். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கண் எப்படி? அண்ணன் போட்டுக் கொடுத்த படிக்கிற கண்ணாடி சரியாக இருக்கிறதா?

அண்ணன் ஒரு கதையை எழுதிப் பாதியில் விட்டுவிட்டான். அவன் எதைத்தான் முடித்திருக்கிறான்? சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொன்னால் ஒரு பக்கம் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவான். பெருமாள் முனிவர் காலைப் பிடித்துவிட்டார், அது வரைக்கும் தெரியும். அதற்கு அப்புறம் என்ன வருகிறது? உங்கள் புத்தகத்தில் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். என் ஜோடிக்காரி தினமும் கேட்டுப் பிடுங்குகிறாள்.

அன்றைக்கு நான் ஏதோ விளையாட்டுக்குச் செய்தது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே, பிறக்கும்போதே வாய்தான் முதலில் வந்தது என்று எங்கள் அம்மா சொல்வாள். அண்ணன் மன்னித்துவிட்டதாக எழுதினான்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன்.
உங்கள் நாத்தனார்


ஜூலை 30

நாத்தனார் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கண் நன்றாக இருக்கிறது. நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட இடம் இது. பெருமாள் முனிவரின் காலைப் பிடித்துவிட்டார். முனிவர் மகிழ்ந்து போய்விட்டார். பிறகு பெருமாளின் தேவியான தாயார் கேட்கிறாள். உங்கள் நெஞ்சு நான் இருக்கிற இடம். உதை பட்டது என் மேல். நீங்கள் அவர் காலுக்கு வலிக்கிறதா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். இறங்கிப் போனவளைத் தேடிக்கொண்டு பெருமாள் பூமியில் அலைந்தது மீதிக் கதை. அது பெரிது.

உங்கள் அண்ணன் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போவார். எப்போதும்.

நான் தினமும் படிக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். முன்பு எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் அவர் மாமியாரும் வாசற்படியில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். இப்போது வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாய்க்குள்ளேயே படிக்கிறேன். தப்பு வந்தாலும் வாய்க்குள்ளேயே.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எல்லா இடத்திலும் சிரிப்பு இருந்தது. சிரிப்பு இல்லாமல் ஒரு கடிதம் உங்களால் எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா?

என்னை எப்போதும் "நீ" என்பீர்கள், "ஏய்" என்பீர்கள். இந்தத் தடவை "அவர்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை இரண்டு வாரம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். இங்கே ஒரு அறையில் நாலு கட்டில். மற்ற மூன்று பேரும் தூங்கப் போகும் முன் என்னைப் பேசச் சொல்வார்கள், நான் யாரையாவது நடித்துக் காட்டுவேன். இரண்டு வாரமாக யாரையும் நடிக்கவில்லை. காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று எழுதியது பொய்.

நான் ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போனவள். நீங்கள் ஒரு நாளும் போகாதவர்கள். நாற்பது வயதில் மணி அடித்துவிட்டு ஒன்றாம் வகுப்பு வராந்தாவில் நின்று, பிள்ளைகள் கத்துவதைக் கேட்டு எழுத்துக் கற்றுக்கொண்டீர்கள். உங்கள் மடியில் அவ்வளவு கனமான புத்தகம். தெருப் பெண்கள் உங்கள் முன்னால் உட்காருகிறார்கள். என் முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் நின்று கூத்தடித்தால் சிரிப்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி, அவ்வளவுதான் விஷயம். வயிறு எரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேனே தவிர, நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம். கூட்டத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் கண் பட்டு, அது எனக்குப் படிக்கத் தெரியாமல் போனால்? நீங்கள் தப்பு விட்டால் சாமியிடம் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறீர்கள். நான் தப்பு வந்துவிடுமோ என்று ஆரம்பிக்கவே இல்லை. இந்த வயதில் எனக்குக் கடிதம் எழுத வருகிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதலாம். புத்தகம் அப்படி விடாது.

உங்களுக்குப் பட்டதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. உங்களிடம் கேட்க எட்டு மாதம் ஆகிவிட்டது.

என்னை மன்னியுங்கள்.

தங்கள் நாத்தனார்


செப்டம்பர் 10

தங்கைக்கு,

நலம். முழங்கால் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீ அண்ணிக்கு எழுதியது வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் அதை என்னிடம் நீட்டி, "சத்தமாப் படிங்க" என்றாள். படித்தேன். உன் கட்டில், உன் வயிற்றெரிச்சல், எல்லாம் படித்தேன். முடித்ததும் உன் முதல் கடிதத்தைக் கொண்டுவந்து, "இதையும்" என்றாள். அதை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அதை அவளிடம் காட்டியதே இல்லை. நீ "அண்ணியிடமும் சொல்லிவிடு" என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை.

"எல்லோரும் சிரித்தார்கள்" என்ற இடம் வந்தது. எழுந்தேன்.

"எங்க?"

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

"தண்ணி இங்கயே இருக்கு."

செம்பைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். உட்கார்ந்தேன்.

தங்கச்சி, அன்றைக்கு முதலில் சிரித்தவன் நான். சின்ன மாமா இல்லை. நீ விரலை வரியில் வைத்ததுமே சிரித்துவிட்டேன். எத்தனையோ சாயங்காலம் அவள் படிக்கும்போது எனக்கு வந்த சிரிப்பு அது, நீ நடித்துக் காட்டியதும் அவிழ்ந்துவிட்டது. அப்புறம் உன் தப்பை மன்னித்து, உன் காலைப் பிடித்துவிட்டு, பெரிய மனுசன் ஆகிவிட்டேன். என் தப்பை அதற்குள் மறைத்துவிட்டேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள். எழுந்து போய் உலர்ந்த துணியை எடுத்து மடித்தாள். நான் போய் ஒரு முனைக்குக் கை நீட்டினேன். கொடுத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


அக்டோபர் 4

அன்பு நாத்தனாருக்கு,

நாங்கள் சுகம். மழை வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ ஈரத் தலையோடு படுக்காதே.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். சாமி புத்தகம் படிக்கிற கையால் பொய் எழுதக் கூடாது. இன்னும் முழுதாக வரவில்லை. சில நாள் வருகிறது. சில நாள் மணி அடிக்கும்போது அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, போய்விடுகிறது. வந்து நின்றதும் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

நீ புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்கு அன்றைக்கே தெரியும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாய். அடுக்களை வாசலில் நின்ற எனக்கு அட்டைப் படத்தில் சாமியின் கால் மேலே தெரிந்தது. "புத்தகத்த நேராப் பிடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் உன் பக்கம் திரும்பிச் சிரித்திருப்பார்கள். வாய் வரைக்கும் வந்தது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன். அதுதான் இத்தனை மாதமாகச் செரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைத்தேன். தையல்காரம்மா மாமியாரோடு வந்தார். மாமியாருக்குக் காது மந்தமாகிவிட்டதாம், அதனால் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். உன் அண்ணன் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். தாயார் இறங்கிப் போன இடத்தைப் புத்தகத்தில் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டுப் படி. தப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நன்றாகவே தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணி


நவம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தலையை உலர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன். அண்ணன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

தலைகீழ் விஷயத்தைப் படித்துவிட்டு உருளை இஸ்திரிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும். நான் உங்களை அத்தனை பேர் முன்னால் இழுத்துவிட்டேன். நீங்கள் அதே நேரத்தில் என்னை மூடிவைத்தீர்கள். அதற்குமேல் நான் கேட்க என்ன இருக்கிறது? கேட்க மாட்டேன். அது வருகிறபோது வரட்டும். வராவிட்டாலும் எழுதுவேன்.

தாளைப் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில், கூடத்திலேயே. ஜோடிக்காரி, சோப்புக் கரைக்கிற இரண்டு பேர், மேற்பார்வையாளர். நாலு பேர் என்று சொன்னீர்கள், நாலு பேர். பதினோரு வரிக்குப் பதினாறு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் சாமியிடம் சொல்லிவிட்டு வரியின் தலைக்குப் போனேன். முதல் தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டதும் நாலு முகத்தையும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. தாயார் இறங்கிப் போன வரிக்கு வந்தபோது ஜோடிக்காரி, "அப்படிக் கேளு" என்றாள். சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு சின்ன விபத்தும் நடந்தது. சிரிப்பு இல்லாமல் எழுதுகிறேன். மேற்பார்வையாளர் உட்கார நாற்காலி இல்லாமல் சக்கரம் வைத்த துணிக்கூடைக்குள் உட்கார்ந்து கேட்டார். ஒன்பதாவது வரியில் தூங்கிவிட்டார். கூடையின் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. அது மெல்ல உருண்டு, திறந்திருந்த லிஃப்டுக்குள் போனது. கதவு மூடிக்கொண்டது. நான் வரியை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். அது மூன்றாம் மாடிக்குப் போயிருந்தது. அங்கே அவரை யாரோ நோயாளி என்று நினைத்துக் கட்டிலில் மாற்றிப் படுக்க வைத்து, போர்த்தி, கையில் நோயாளிப் பட்டை கட்டியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு அவரே படியிறங்கி வந்துவிட்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் நாத்தனார்